1 மணி 50 நிமிடம்

நேற்று மாலை 1994 செட் மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம், படித்ததும் அவனுக்கே தெரிந்துவிடும். இப்போது அமெரிக்காவில் மினியாபொலிஸில் இருக்கிறான். அடுத்த மாதம் அப்பா அம்மாவை முதல் தடவையாக அழைக்கிறானாம்.

"நல்ல விலையில டிக்கெட் கிடைச்சிருக்கு சார். சிகாகோவில இறங்கி மாறணும். நடுவுல ஒன்றரை மணி நேரம் இருக்கு. போதும்ல?"

"போதாதுடா" என்றேன்.

"கம்ப்யூட்டரே அந்த டிக்கெட்டைக் குடுக்குதே சார்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. எழுதுகிறேன், படி என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை இதுவரை இங்கே எழுதியதில்லை. உறவுக்காரர்கள் சிலருக்குப் பாதிக் கதை தெரியும். மீதி இது.

2016 அக்டோபர். மகளுக்குத் தலைப்பிரசவம். அவள் இருந்தது இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊர். சிகாகோவிலிருந்து சாலை வழியாகச் சுமார் 260 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக சிகாகோ, அங்கிருந்து சின்ன விமானத்தில் பியோரியா. டிக்கெட் போட்டுக் கொடுத்தவனும் நம் பழைய மாணவன்தான், தஞ்சாவூரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். "சார், சிகாகோவில 5 மணி நேரம் இடைவெளி இருக்கிற டிக்கெட் ஒண்ணு இருக்கு, அதை எடுத்துக்குங்க" என்றான். நான்தான் பிடிவாதமாக 1 மணி 50 நிமிட இடைவெளி டிக்கெட்டைக் கேட்டு வாங்கினேன். விலை வித்தியாசம்கூட அதிகம் இல்லை. அந்நிய ஊரில் 5 மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதா, 110 நிமிடத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போக முடியாதா என்று நினைப்பு. முப்பத்து நான்கு வருஷம் காலம், தூரம், வேகம் கணக்குப் போட்டுக் காட்டியவன் இல்லையா! நம் கணக்குப் புத்தகத்து ரயில் பாலத்தைக் கடக்கும்போது யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். அமெரிக்காவுக்குள் முதலில் எந்த ஊரில் இறங்குகிறோமோ, அங்கேயே இமிக்ரேஷன் முடிக்க வேண்டும். சென்னையில் பெட்டிகளுக்கு "பியோரியா" என்றே சீட்டு ஒட்டினார்கள், நான் நிம்மதியாகிவிட்டேன். ஆனால் சிகாகோவில் அந்தப் பெட்டிகளை நாமே எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குவது டெர்மினல் 5. உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் 1, 2, 3-இல். (4 என்று ஒன்று இல்லை. நான் அதைத் தேடியிருக்கிறேன்.) நடுவில் ஒரு குட்டி ரயில். அதில் போய் இறங்கிய பிறகு மறுபடியும் ஒரு பாதுகாப்புச் சோதனை, அன்று செருப்பு, பெல்ட் எல்லாம் கழற்ற வேண்டியிருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இருந்தது 110 நிமிடம். விமானம் 25 நிமிடம் தாமதம். மீதி 85. எங்கள் இருக்கை கடைசி வரிசைகளில். விமானம் நின்று நாங்கள் வாசலைத் தாண்ட 20. மீதி 65. அடுத்த விமானம் 7 மணிக்கு என்றால் 7 மணி வரை கதவு திறந்திருக்காது, 15 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். மீதி 50. இந்த ஐம்பதுக்குள்தான் மேலே சொன்ன அத்தனையும்.

இமிக்ரேஷன் கூடத்துக்குப் போகும் நடைபாதையில் நான் வேகமாக நடந்தேன். இரண்டு கைப்பைகளும் என்னிடம். பேசிக்கொண்டே போகிறேன், பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். வருகிறவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஒரு நிமிடம் எனக்கு எதுவும் ஓடவில்லை. திரும்பி ஓடினேன். சுவரோரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க, நான் வந்துடறேன்" என்றாள். எங்கே வருவாள்? ஒரு பலகை படிக்கத் தெரியாது அவளுக்கு. டிக்கெட் போடும்போதே வீல்சேர் வேண்டுமா என்று அந்தத் தம்பி கேட்டான். காசு கிடையாது, சொன்னால் போதும். "எங்க வீட்ல நடப்பாங்கப்பா" என்று பதில் சொன்னவன் நான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வரிசையில் 1 மணி 10 நிமிடம் நின்றோம். அதே நேரத்தில் நாலைந்து பெரிய விமானங்கள் வந்திருந்தன, யாரையும் குறை சொல்ல முடியாது. மணி 7 ஆனபோது எங்களுக்கு முன்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். அதற்குப் பிறகு சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பிரசவ லேகியம், சுக்கு, கருப்பட்டி, உரித்த பூண்டு. எல்லாவற்றையும் படிவத்தில் எழுதியிருந்தேன், அதனால் பிரச்சினை இல்லை. ஆனால் லேகியம் என்றால் என்ன என்று அந்த அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்கிய அந்தப் பத்து நிமிடம் என் ஆயுளில் மறக்காது.

கவுண்டரில் இருந்த பெண் தங்கமானவர். அன்றிரவு இருந்த இன்னொரு விமானத்தில் இடம் இல்லை. மறுநாள் காலை விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தார். முழுப் பயணமும் ஒரே டிக்கெட் என்பதால் காசு கேட்கவில்லை. தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் அந்தப் பணமும் போயிருக்கும். ஹோட்டல் அறை தருவதாகவும் சொன்னார். வெளியே போய்விட்டு விடிகாலை திரும்பி வர வேண்டுமே என்ற பயத்தில் நான் வேண்டாம் என்றேன். அவளுடைய சர்க்கரை மாத்திரை ஒப்படைத்த பெட்டிக்குள் இருந்தது. அது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அங்கிருந்தே போன் செய்தோம். மாப்பிள்ளை, "மாமா, நான் இப்பவே கிளம்பினா மூணு மணி நேரத்துல வந்துடுவேன்" என்றார். மகளுக்கு நாள் இன்னும் ஒன்பது இருந்தது. ஆனாலும் நிறைமாதக்காரியைத் தனியாக விட்டுவிட்டு வரச் சொல்ல மனசு வரவில்லை. வேண்டாம் என்றேன். அன்று நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான்.

இரவு முழுக்க நாற்காலியில். கை வைத்த நாற்காலிகள், படுக்க முடியாது. என் சால்வையை அவள் காலில் சுற்றிவிட்டேன். இருவரும் தூங்கவில்லை, தூங்குவதாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம்.

காலையில் பியோரியாவில் இறங்கினால் மாப்பிள்ளை இல்லை. அவருடைய நண்பர் நிற்கிறார். "நைட்டு வலி வந்துடுச்சு அங்கிள். விடியக்காலை 4:40-க்குப் பையன். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பையனிடம், "தம்பி, வலி வந்தப்போ அவ பக்கத்துல பொம்பளைங்க யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

மருத்துவமனையில் நர்ஸ் இருந்திருப்பார், டாக்டர் இருந்திருப்பார், மாப்பிள்ளை இருந்தார். அவள் கேட்டது அதை அல்ல. அந்த ஒரு இரவுக்காகத்தான் அவள் முதல் முறையாக பாஸ்போர்ட் எடுத்தாள்.

இதைச் சொல்லி அவள் என்னிடம் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. "நல்லவேளை மாப்பிள்ளையை வரச் சொல்லலை" என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். ஊரில் யாராவது கேட்டால், "பேரன் பொறந்தப்போ நான் ஏர்போர்ட்ல உக்காந்திருந்தேன்" என்பாள், மழை பெய்தது என்று சொல்வதுபோல. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அதனால் தம்பி, கம்ப்யூட்டர் கொடுக்கிறது என்கிறாயே, ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இதற்குக் குறைவான இடைவெளியில் டிக்கெட் விற்கக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச நேரம் வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பார்ப்பது அதை மட்டும்தான். நம் பரீட்சையில் 35 மார்க் மாதிரி அது. 35 வாங்கினால் பாஸ். ஆனால் 35-க்குக் குறிவைத்துப் படித்தவன் என்ன ஆனான் என்று உனக்கே தெரியும், பெஞ்சில் உன் பக்கத்தில்தான் இருந்தான். விமானம் நேரத்துக்கு வந்து, பயணிக்கு முப்பது வயதாகி, முழங்காலும் ஆங்கிலமும் நன்றாக இருந்தால் உன் ஒன்றரை மணி நேரம் போதலாம். உன் அப்பாவுக்கு எழுபத்து இரண்டு.

நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் பார். ஒரே டிக்கெட்டாக எடு. இருவருக்கும் வீல்சேர் சொல்லிவிடு, அப்பா வேண்டாம் என்பார், கேட்காதே. மாத்திரையெல்லாம் கைப்பையில். கடைசி விமானத்தைப் பிடிக்கிற மாதிரி வேண்டாம், அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்க வேண்டும். அபுதாபி வழியாக வந்தால் இன்னும் நல்லது. 2014 முதல் அமெரிக்க இமிக்ரேஷனை அங்கேயே முடித்துவிடுகிறார்கள், இங்கே இறங்கும்போது உள்ளூர்ப் பயணி மாதிரி வெளியே வரலாம். அப்படியானால் அபுதாபியில் நேரம் அதிகமாக வேண்டும், அதை மறந்துவிடாதே.

இதைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்துவிட்டது. டிக்கெட்டை மாற்றிவிட்டானாம். இடைவெளி 4 மணி 25 நிமிடம். "அவ்வளவு நேரம் அங்க உக்காந்து என்ன பண்றதுன்னு அம்மா கேக்குறாங்க சார்" என்று எழுதியிருந்தான்.

படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே, "சாப்பிட்டுட்டு காலை நீட்டி உக்காரச் சொல்லுங்க" என்றாள்.