கொடும்பாளூர்: கோவலனுக்கு வழி பிரிந்த இடம்

திருச்சியிலிருந்து மதுரைக்கு காரில் போகிறவர்கள், விராலிமலையைத் தாண்டியதும் கொடும்பாளூர் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் வண்டி நிற்பதில்லை. இறங்கிப் பார்த்தால், இருக்குவேள் மன்னன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தேவியர் இருவர் பெயரிலும் கட்டிய மூவர் கோயில் இருக்கிறது. மூன்றில் இரண்டு கோயில்கள் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும்தான்.

ஆனால், இந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போகும் வழி இதுதான். உறையூரைத் தாண்டியதும் எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறான்: கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும்.

இடப்பக்க வழியில் போனால் திருமால் குன்றம். அங்கே ஒரு குகை, அதற்குள் மூன்று பொய்கைகள். ஒன்றில் குளித்தால் ஐந்திர இலக்கணம் வரும், இன்னொன்றில் முற்பிறவி தெரியும், மூன்றாவதில் நினைத்தது நடக்கும். வாசலில் ஒரு தெய்வப்பெண் கேள்வி கேட்பாள். பதில் தெரியாவிட்டாலும் தொந்தரவு செய்ய மாட்டாளாம்! நடுவழியில் மட்டும் எச்சரிக்கை. மயக்கும் தெய்வம் ஒன்று அந்தக் காட்டில் உண்டு.

கூடவே வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் மசியவில்லை. இலக்கணம் நூலிலேயே இருக்கிறது. முற்பிறவியின் பலன் இந்தப் பிறவியிலேயே தெரிகிறது. உண்மை தவறாமல் உயிர்களைக் காப்பவர்களுக்குக் கிடைக்காத பொருள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடுகிறார். குகைப் பேச்சு அதோடு முடிந்தது.

இருந்தும், தண்ணீர் தேடிப் பொய்கைக்குப் போன கோவலன் முன் அந்தக் காட்டுத் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து அழுதபோது, அவனுக்குக் கைகொடுத்தது கொற்றவை மந்திரம்தான். தெய்வம் விலகிப்போனது. அவன் தாமரை இலையில் தண்ணீர் ஏந்திவந்து கண்ணகியின் தாகத்தைத் தீர்த்தான்.

மதுரையில் நடந்ததுதான் கொடுமை. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் சிரித்தான். திருடர்களுக்கு எட்டுத் துணைகள் உண்டென்று பட்டியல் போட்டான். அதில் முதலாவது, மந்திரம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசினான்.