சுண்டெலிப் பிடிவாதம்

எங்கள் வீட்டு ஃப்ரீசரின் அடித்தட்டு என்னுடையது. மேல்தட்டில் பட்டாணியும் பரோட்டாவும், கீழே எலிகள். லண்டனில் ராயல் பைத்தான் வளர்க்கத் தொடங்கியபோது மனைவி போட்ட ஒரே நிபந்தனை, அந்தத் தட்டுக்கு மூடி வேண்டும் என்பது. (ஊரில் நம் மலைப்பாம்பை இப்படி வளர்த்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும், நான் வளர்ப்பது மேற்கு ஆப்பிரிக்க இனம்.)

முதல் மூன்று வருடம் வெள்ளைச் சுண்டெலி மட்டுமே கொடுத்தேன். சாப்பிடுகிறதே, பிறகென்ன என்ற சோம்பல்தான். பாம்பு வளர்ந்தது, சுண்டெலி வளருமா? பெரியதுகூட அதற்குப் போதாது. சரி, எலிக்கு மாற்றுவோம் என்று நீட்டினால் நாக்கை இரண்டு முறை நீட்டிப் பார்த்துவிட்டுச் சுருண்டுகொண்டது. நான்கு மாதம் பட்டினி. இந்த இனத்துக்கு அது சகஜம். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. வாராவாரம் தராசில் வைத்துப் பார்ப்பேன், எடை அவ்வளவாகக் குறையவில்லை.

பிறகுதான் உறைத்தது. அதற்கு உணவு என்றால் சுண்டெலியின் வாசனை. வேறு எதுவும் உணவே இல்லை. அந்தப் பழக்கம் நான் கற்றுக்கொடுத்தது. எலியிலும் அந்த வாசனை ஏறட்டும் என்று ஒரு சுண்டெலியையும் ஓர் இளம் எலியையும் ஒரே பையில் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் உறைநீக்கினேன். மறுநாள் மாலை பையோடு வெந்நீரில் வைத்து, எலியின் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கினேன். பாம்பின் மேலுதட்டுக் குழிகள் வெப்பத்தை உணரும். சூடான தலையைத்தான் குறிவைக்கும். இடுக்கியில் பிடித்து ஆட்டிய மூன்றாம் வாரம், பட்டென்று பாய்ந்து பிடித்தது.

இப்போது பெரும்பாலும் இளம் எலி, இடையிடையே சுண்டெலி, எப்போதாவது மாஸ்டோமிஸ் என்கிற ஆப்பிரிக்க எலி. கிழட்டு எலி கொழுப்புக் கட்டி, வாங்குவதில்லை. சத்துக்காகவே மாற்றுகிறேன் என்று சொல்லமாட்டேன். முழு எலியில் எலும்பும் ஈரலும் இருக்கின்றன, கால்சியமும் வைட்டமின் ஏ-யும் அதிலேயே கிடைத்துவிடும். உணவு என்று அது ஒப்புக்கொள்ளும் வாசனைகள் மூன்று நான்காவது இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு. ஜெர்பில் என்கிற கொறிவிலங்கை மட்டும் தரமாட்டேன். அதன் ருசி கண்டுவிட்டு எலியைத் திரும்பிப் பாராத பாம்புகள் உண்டு.

காட்டில் இந்தப் பைத்தான்களில் சிறியவை பறவைகளையே அதிகம் பிடிக்கின்றன; மரமேறும் ஆண்களும் அப்படித்தான். அதனால் வருடத்தில் இரண்டு முறை காடை. சிறகோடு விழுங்கும், சில நாள் கழித்துப் போடும் எச்சத்தின் நாற்றத்துக்கு ஜனவரிக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவைக்கிறோம்.