சாக்கு விரிச்ச சீட்டு

பழைய வண்டியில் வயர் வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும். உறையை உரிச்சாத்தான் தெரியும். உள்ளே செம்பு கருத்துப் போயிருக்கும், இல்லேன்னா பச்சை பூத்திருக்கும். மழைத்தண்ணி முனையில் நுழைஞ்சு, உறைக்குள்ளேயே இழை இழையா ஏறிவிடும். முப்பத்தஞ்சு வருஷமா ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை செய்றேன். எங்க காலனியிலிருந்து இந்த வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். செத்த மாடு தூக்குறதும் பறையடிக்கிறதும் எங்க பிறப்போட வந்த வேலைன்னு ஊர் சொன்னது. வயர் வேலை யார் பிறப்போடவும் வரலை. அதனாலேயே எனக்குப் பிடிச்சது.

ரெண்டு வருஷம் முன்னால ஊர்ப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. தாத்தா ஓட்டின அம்பாசடர், மார்க் டூ. 2014-இல் கம்பெனி அம்பாசடர் செய்வதையே நிறுத்திவிட்டது. சும்மா கொட்டகையில் கிடந்ததைப் பேரன் புதுசாக்க ஆசைப்பட்டான். அந்த வண்டி எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாது. எங்கப்பாவும் இன்னும் மூணு பேரும் சேத்துல நின்னு தள்ளுவாங்க. தள்ள எங்க கை வேணும். ஏறி உக்கார எங்க உடம்பு ஆகாது.

ஹெட்லைட் மங்கலா எரிஞ்சது. பேட்டரியும் பல்பும் புதுசா போட்டும் அப்படித்தான். இது எர்த் கோளாறு. காரில் விளக்குக்கு ஒரு வயர் போகும். கரண்ட் திரும்பி வர்றதுக்கு வண்டியோட தகரம்தான் வழி. எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு இருந்தா வழி அடைபடும். விளக்கை எரியவிட்டு, பேட்டரி எர்த் முனைக்கும் விளக்கோட எர்த்துக்கும் நடுவே மீட்டர் வச்சேன். கால் வோல்ட்டுக்குள்ளே இருக்கணும். ரெண்டு வோல்ட் காட்டியது. 12-இல் ரெண்டைத் துருவே தின்னுடுது.

பேட்டரியைக் கழட்டிட்டு, போல்ட் உக்கார்ற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தகரம் பளிச்சுன்னு தெரியுறவரைக்கும் தேய்ச்சேன். பச்சை பூத்த வயரை நல்ல செம்பு வர்றவரைக்கும் வெட்டிக்கிட்டே போனேன். ஒரு இடத்தில் ஒரு முழம் போச்சு. பச்சை மேல ஈயம் ஒட்டாது. புது வயரை முறுக்கி, ரோசின் வச்சுப் பத்தவச்சு, ஸ்லீவ் ஏத்தினேன். முனைகளுக்கு வாசலின். கலர் எல்லாம் பழைய லூகாஸ் கணக்கு: பிரவுன் எப்பவும் பேட்டரி கரண்ட், வெள்ளை சாவி போட்டா வர்றது, பச்சை ஃபியூஸ் தாண்டி வர்றது, நீலம் ஹெட்லைட், கருப்பு எர்த். பத்தாவது தாண்டாத எனக்கு இது தலைகீழ்ப் பாடம்.

டேஷ்போர்டுக்கு அடியில் வேலை செய்ய, முன்சீட்டில் மல்லாந்து படுத்துத் தலையைக் கீழே விடணும். கதவைத் திறந்தேன். பேரனோட அப்பா, "ஏம்பா, கொஞ்சம் இரு" என்று சொல்லி ஒரு கோணிச் சாக்கைக் கொண்டாந்து சீட்டில் விரித்தார். "கிரீஸ் ஒட்டிக்கும்ல?"

முந்தின நாள் பெயிண்டர் அழுக்குப் பனியனோட அதே சீட்டில் உக்காந்து டீ குடிச்சதை நான் பார்த்தேன். சீட் தைக்கிறவர் சாய்ஞ்சு தூங்கவே செஞ்சார். அவங்களுக்குச் சாக்கு இல்லை. அவங்க ஊர்த்தெரு. என்னை வாய் நிறைய 'அண்ணே'ன்னு கூப்பிடுற பேரன், தலையைக் குனிஞ்சு செல்போனைப் பார்த்தான்.

நான் சாக்கை எடுத்து மடிச்சு மட்கார்டு மேல போட்டு, அதுமேல என் ஸ்பேனர்களை வச்சேன். "பெயிண்டுல கோடு விழாது சார்" என்றேன். வெறும் சீட்டில் படுத்தேன். எங்கப்பா அவங்கப்பாவைச் 'சாமி'ன்னு கூப்பிட்டார். நான் 'சார்' வரைக்கும் வந்திருக்கேன். அவர் ஒண்ணும் பேசாம உள்ளே போய்ட்டார்.

நாலு நாள் வேலை. 'பார்த்துக் குடுங்க'ன்னு நிக்கலை. கணக்கு எழுதி நீட்டினேன். பேரன் எண்ணிக் கையில் குடுத்தான்.

இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்குறான்னு கேக்குறாங்க. உறை நல்லாத்தான் இருக்கு. உரிச்சுப் பார்த்தவனுக்குத் தெரியும்.

காலனிப் பையன்கள் ரெண்டு பேர் என்கிட்ட வேலை கத்துக்கிறாங்க. அவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, பச்சை மேல பத்தவைக்காதே, நல்ல செம்பு வர்றவரைக்கும் வெட்டு. ரெண்டாவது, வண்டிக்குள்ளே வேலைன்னா வெறும் சீட்டில் உக்காந்து செய்.