நாய்க்குமா முதலுதவி?

"குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன செய்யணும்னு கேளு, சொல்றேன். நாய்க்குமா முதலுதவி? நல்லா இருக்கு போ!"

2019-ம் வருஷத்துக்கு முன்னால் யாராவது இந்தப் பேச்சை எடுத்திருந்தால் நானும் இப்படித்தான் சிரித்திருப்பேன். இரண்டு குழந்தைகளை வளர்த்தவள் நான். சூடுபட்டால் என்ன, கீழே விழுந்து முட்டி பெயர்ந்தால் என்ன, எல்லாவற்றுக்கும் கைவசம் வைத்தியம் உண்டு. நாய்க்கு ஏதாவது என்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனால் போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

எங்கள் ஜிம்மி 'பக்' ஜாதி. சப்பை மூக்கும் உருட்டு விழியுமாக எப்போதும் எதற்கோ கவலைப்படுகிற முகம். என் சின்னவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஜிம்மி இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. அந்த மே மாத விடுமுறைக்கு மதுரையிலிருந்து காரைக்குடிப் பக்கம் மாமியார் ஊருக்குப் போனபோது ஜிம்மியும் எங்களோடு வந்தது.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் கண்மாய்ப் பக்கம் பந்து விளையாடப் போனார்கள். ஜிம்மியும் பின்னாலேயே ஓடியது. நான் அடுப்படியில் இருந்தேன். "வெயிலா இருக்கே, நாயை விட்டுட்டுப் போங்கடா" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. முக்கால் மணி கழித்து அலறிக்கொண்டு ஓடி வந்தான் சின்னவன். கையில் ஜிம்மி, துவண்ட துணி மாதிரி.

நாக்கு வெளியே தொங்குகிறது. மூச்சு கர்கர் என்று இழுக்கிறது. ஈறெல்லாம் செக்கச் செவேல் என்று இருக்கிறது. வாயில் நுரை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தாகம் என்று நினைத்து ஒரு சொம்புத் தண்ணீரை வாயைத் திறந்து ஊற்றினேன். அதற்குப் புரையேறியது. கனமான துண்டு ஒன்றை நனைத்துக் கழுத்து முதல் வால் வரை போர்த்தினேன். "ஐஸ் வாங்கிட்டு வாங்க" என்று ஒருவரை விரட்டினேன். ஐஸுக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டாக்டரிடம் பறந்தோம்.

போய்ச் சேர்ந்தபோது ஜிம்மி இல்லை.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது. "அம்மா, நீங்க பதறினதிலே தப்பில்லை. ஆனா வண்டியிலே ஏத்தறதுக்கு முன்னாலேயே குளிர வைச்சிருக்கணும். முதல்லே குளிர்ச்சி, அப்புறம்தான் பயணம்" என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார்.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வேர்வை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது தன் சூட்டை வெளியேற்ற வேண்டும். சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியும் குறுகல். நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 101-லிருந்து 102.5 டிகிரி வரை இருக்கும். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. 106-க்கு மேல் போனால் உள்ளுறுப்புகள் கெட ஆரம்பித்துவிடும்.

நான் செய்தவை ஒவ்வொன்றும் எப்படித் தவறு என்று அப்போதுதான் புரிந்தது. துவண்டு கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். தானாகக் குடித்தால் மட்டுமே கொடுக்கலாம். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சற்று நேரத்தில் துண்டு சூடேறி, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐஸுக்காகக் காத்திருக்கவே வேண்டாம். முற்றத்துக் குழாயே போதும்! நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; பக்கத்தில் விசிறியோ மின்விசிறியோ ஓட வேண்டும். சூடு 103-க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். வண்டியில் கண்ணாடியை இறக்கி வைக்க வேண்டும், அல்லது ஏ.ஸி. போட வேண்டும்.

கிணறும் குழாயும் இருக்கிற வீட்டில், தண்ணீர் ஊற்றத் தெரியாமல் ஒரு ஜீவனை விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரி சின்னவன் தூங்கவில்லை. "அம்மா, நான் ஓட வைச்சதாலேதானே ஜிம்மி செத்துப் போச்சு?" என்றான். பெற்றவளுக்கு அதைவிடக் கொடுமை வேறு உண்டா? "இல்லைடா கண்ணா. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அம்மா கத்துக்காதது தப்பு" என்றேன். சமாதானத்துக்காகச் சொன்ன வார்த்தை அல்ல அது.

மதுரைக்குத் திரும்பியதும் எங்கள் பேட்டைக் கால்நடை டாக்டரிடம் போய், "எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்று உட்கார்ந்தேன். அவருக்கே ஆச்சரியம். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். வீட்டில் மறுபடி நாய் வளர்ப்பதா என்று இரண்டு வருஷம் யோசித்தோம். கடைசியில் தெருவில் கிடந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியைச் சின்னவனே தூக்கி வந்தான். அதற்கு மணி என்று பெயர் வைத்தான்.

2023 மாட்டுப் பொங்கலன்று அதே கண்மாய்க் கரைக்குப் போயிருந்தோம். இந்தத் தடவை நானும் கூடவே போயிருந்தேன், சாயங்கால நேரம். யாரோ உடைத்துப் போட்டிருந்த பாட்டிலில் மணி காலை வைத்துவிட்டது. பாதத்தின் அடிச்சதை பிளந்து ரத்தம் கொட்டுகிறது. பக்கத்தில் போனால் உறுமுகிறது.

இங்கேதான், சகோதரிகளே, படித்தது கைகொடுத்தது. நம் மடியில் வளர்ந்த நாயானாலும் வலி வந்தால் கடிக்கும். அது துரோகமில்லை, பயம். என் துப்பட்டாவின் ஓரத்தை நீளமாகக் கிழித்து, மூக்கைச் சுற்றி ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு குறுக்கு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. (வாந்தி எடுக்கிற நாய்க்கும், மூச்சு முட்டுகிற நாய்க்கும், ஜிம்மி மாதிரி சப்பை மூக்கு நாய்க்கும் இப்படிக் கட்டவே கூடாது.) சின்னவன் தலையை அணைத்துக்கொண்டான். பாதத்தைப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு உள்ளே தங்கவில்லை. சுத்தமான கைக்குட்டையை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தேன்.

"காப்பிப் பொடியை வைச்சு அமுக்கும்மா, நின்னுடும்" என்றார் என் மாமியார். "வேண்டாம் அத்தை, பொடி புண்ணுக்குள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். அழுத்தினாலே நிற்கும்" என்றேன். இன்னொருவர் சணல் கயிறு கொண்டுவந்து முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டச் சொன்னார். அதுவும் வேண்டாம் என்றேன். ரத்த ஓட்டமே நின்று கால் கெட்டுவிடும்.

நின்றுவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்க்கக்கூடாது. முழுசாக ஐந்து நிமிஷம் அழுத்த வேண்டும். கைக்குட்டை நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைக்க வேண்டும். கண்ணாடியோ முள்ளோ ஆழமாகக் குத்திக்கொண்டு நின்றால் பிடுங்கக்கூடாது. அதுதான் அடைப்பாக இருக்கும். சின்னவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தை எண்ணினான். அப்புறம் துணியைச் சுற்றினேன். விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகத்தான்.

பண்டிகை நாள், கால்நடை மருந்தகம் திறந்திருக்காது. ஆனால் ஊருக்குக் கிளம்பும் முன்பே காரைக்குடியில் ஒரு டாக்டரின் நம்பரை விசாரித்து வைத்திருந்தேன். ஐந்து தையல் போட்டார். "யாரும்மா கட்டினது? நல்லா இருக்கே" என்றார். "நானும் அம்மாவும்" என்றான் சின்னவன். மூன்றரை வருஷமாக அவன் மனசில் இருந்த முள் அன்றைக்குக் கொஞ்சம் அசைந்தது என்று நினைக்கிறேன்.

வயல், தோப்பு, மலை என்று செல்லப் பிராணியை அழைத்துப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பாம்புக்கடி. முகமோ காலோ திடீரென்று வீங்கினாலோ, நாய் தள்ளாடினாலோ சந்தேகப்படுங்கள். நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடிப் போகவும் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான் நம் நாட்டில். மனிதருக்குப் போடுகிற அதே விஷமுறிவு மருந்தைத்தான் நாய்க்கும் போடுகிறார்கள். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்புகளிடமிருந்து விஷம் எடுத்துக் கொடுப்பது இந்த மருந்து தயாரிக்கத்தான். மருந்து இருக்கிறது, அது இருக்கிற இடத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதுதான் நம் வேலை.

எங்கள் வீட்டில் இப்போது பழைய பிஸ்கட் டின் ஒன்று எப்போதும் தயார். பஞ்சு, கட்டுத்துணி, ஒட்டுப் பட்டை, நுனி மழுங்கிய கத்தரி, முள் எடுக்கும் இடுக்கி, காயம் கழுவ சலைன் பாட்டில், நாய்க்கென்று தனி தர்மாமீட்டர் (ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும், வாயில் அல்ல!), வாய் கட்ட ஒரு துணிப் பட்டை, தூக்கிப் போகப் பழைய போர்வை. மூடியின் உட்புறம் டாக்டர் நம்பர். வெயில் நாளில் வெளியே அழைத்துப் போகும் முன் தார் ரோட்டில் என் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பார்ப்பேன். எனக்குப் பொறுக்கவில்லை என்றால் மணியின் பாதத்துக்கும் பொறுக்காது.

அந்த டின்னில் வலி மாத்திரை கிடையாது. நாம் போட்டுக்கொள்கிற பாராஸிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு விஷமாகலாம். பூனைக்குப் பாராஸிட்டமால் எமன். டாக்டர் சொல்லாமல் ஒன்றும் கொடுக்காதீர்கள். உதவி செய்யப் போய் நம்மைக் கடித்துவிட்டால், நம் நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

முதலுதவி வைத்தியமல்ல. டாக்டர் கைக்குப் போய்ச் சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்கிற வேலை அது. அந்த அரைமணி நேரத்தில் கண்மாய்க் கரையிலும் காட்டுப் பாதையிலும் நம்மைத் தவிர அதற்கு வேறு யாரும் இல்லை. வாயில்லாத ஜீவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதே அந்தப் பொறுப்பையும் நாம் சேர்த்துத்தான் கொண்டுவந்தோம்.

நான் ஒரு ஜிம்மியைக் கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டேன். நீங்கள் உங்கள் பேட்டை டாக்டரிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் போதும்.