பந்தலுக்குக் கீழே பிடரி வலி

கம்பம் பள்ளத்தாக்கில் என்ன வேலை பார்க்கிறோமோ, அதற்கேற்ற இடத்தில் வலி வந்து உட்காருகிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் பன்னீர் திராட்சைக் கொடி தலைக்கு மேலே பந்தலில் படர்கிறது. கவாத்து, கொடி கட்டுதல், காய் பறிப்பு எல்லாமே அண்ணாந்து, கையை உயர்த்திச் செய்கிற வேலை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சை இங்கே ஆண்டு முழுவதும் விளைவதால், பிடரிக்கும் தோளுக்கும் பருவ விடுமுறை கிடையாது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரிலோ, நாற்று நடும் பெண்கள் மணிக்கணக்கில் குனிந்தே நிற்கிறார்கள். ஏலச்செடியின் காய்ச்சரம் தூரில் தரையை ஒட்டி வருவது. அதனால் இடுக்கி மலைக்குக் காய் எடுக்கப் போகிறவர்களுக்கும் குனிவுதான் வேலை. போக வர ஜீப்பின் குலுக்கல் வேறு. வேலை செய்யும் விதத்தில் வந்த வலியைத் தைலத்தாலும் ஊசியாலும் மட்டும் போக்கிவிட முடியாது. வேலையின் முறையையும் மாற்றியாக வேண்டும்.

உடம்பின் கணக்கு இதில் தெளிவானது. குனிந்தபடியே இருந்தால் உடலின் மேற்பாதிப் பாரத்தை முதுகுத் தசைகள் விடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இறுகிய தசைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அயர்ச்சி வலியாகிறது. சுமை சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். எல்லா வசதியும் சரியாக அமைந்தால்கூடக் கையால் தூக்கும் எடை 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த கணக்கு. நம் ஊரில் ஒரு யூரியா மூட்டை 45 கிலோ, சிமெண்ட் மூட்டை 50 கிலோ.

‘நாள் முழுக்க உழைக்கிறவருக்கு உடற்பயிற்சி எதற்கு?’ என்று கேட்பார்கள். உழைப்பு ஒரே தசையை ஒரே பக்கமாகத் தேய்க்கிறது. பயிற்சி தளர்ந்ததை வலுவாக்கி, இறுகியதை நீட்டிவிடுகிறது. ‘தைலம் தேய்த்தால் சுகமாகத்தானே இருக்கிறது?’ என்பதும் உண்மையே. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான பயிற்சியோடு மசாஜையும் ஏற்கிறது. ஆனால் பலரும் வாங்கிக் கட்டும் இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. வலி வந்ததும் நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதும் நல்லதல்ல. தாங்குகிற அளவுக்கு நடமாடினால்தான் சீக்கிரம் தேறும்.

‘நின்று நிமிர்ந்தால் வேலை ஓடாது, கூலி யார் தருவது?’ என்பதுதான் கனமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தோட்டக்காரர்களும் மேஸ்திரிகளும். காலையில் பறித்தவரை மதியம் பெட்டி அடுக்க விடலாம். உயரம் குறைந்தவருக்கு ஆட்டம் இல்லாத மணை ஒன்று போடலாம். நடவில் சிறிது நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து நிமிர்ந்து, இடுப்பில் கை ஊன்றிப் பின்னால் சாயலாம். மூட்டையை இருவர் பிடித்துத் தூக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். வலியால் ஆள் வராமல் போகும் நாளின் நட்டத்தோடு வைத்துப் பார்த்தால் இது பெரிதே அல்ல.

எல்லா வலியையும் வேலையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. காலோ கையோ மரத்துப் பலம் குறைந்தால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறினால், காய்ச்சலோடு வலி வந்தால், விழுந்து அடிபட்டிருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. முடங்கிக் கிடக்கும் பெரியவர்களுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொடிக்குக் கவாத்து நாள் குறிக்கும்போதே, ஆட்கள் நிமிர்ந்து நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று சொல்லிவிடுங்கள்.