தண்டவாளத்துக்கு உள்ளே

கொட்டகலை ஸ்டேசனிலிருந்து ஹட்டன் பக்கமாக லைனோரம் நடந்தோம். காலைக் கோச்சி போய்விட்டது. அடுத்தது வருவதற்குள் சிங்கமலைச் சுரங்கத்தைப் பார்த்து முடிக்க வேண்டும். முன்னால் போனவர் பல வருடமாக லைன் பார்க்கும் பெரியவர். தோளில் நீண்ட பிடிச் சுத்தியல். பின்னால் மீயொலிக் கருவியோடு ஓர் இளைஞர். இலங்கை அணுசக்திச் சபையின் களனி நிலையத்தில், பொருளை வெட்டாமல் உடைக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் சோதனைமுறைகளைப் படித்தவர்.

1885இல் நானுஓயாவை எட்டிய பாதை இது. 44 அடிக்கு ஓரடி என்று ஏறும் இடங்களும் நெருக்கமான வளைவுகளும் உண்டு. ஏறும் எஞ்சினின் இழுவை, இறங்கும் பெட்டிகளின் பிரேக், மழை, குளிர் எல்லாவற்றையும் ஒரே இரும்பு தாங்குகிறது.

பெரியவர் இணைப்புகளைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் அடைத்தது. போல்ட்டை முறுக்கிவிட்டு மறுபடி தட்டினார், இப்போது கணீரென்றது.

ஆனால் தண்டவாளத்தின் தலைக்குள் வளரும் வெடிப்பு சுத்தியலுக்குப் பிடிபடாது. 1911இல் நியூயோர்க் மாநிலத்தின் மான்செஸ்டரில் அப்படியொரு தண்டவாளம் முறிந்து 29 பேர் இறந்தார்கள். எல்மர் ஸ்பெரியின் சோதனை வண்டி 1928இல் ஓடத் தொடங்கியது: தண்டவாளத்தில் மின்னோட்டம் பாய்ச்சி, வெடிப்பருகே காந்தப்புலம் கோணுவதைக் கம்பிச்சுருளால் பிடித்தது. மீயொலி அதற்குப் பின் வந்தது.

இளைஞர் தண்டவாளத்தில் தண்ணீர் ஊற்றினார். "இடையில காத்து இருந்தா சத்தம் இரும்புக்குள்ள இறங்காதுங்க." இரும்பில் மீயொலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீற்றர் ஓடும். பதினைந்து சென்ரிமீற்றர் இறங்கி அடியில் மோதித் திரும்ப, ஒரு நொடியை இலட்சமாகப் பிரித்தால் ஐந்து பங்குதான் ஆகும். அதற்கு முன்பே எதிரொலி வந்தால் நடுவில் ஏதோ இருக்கிறது. ஓர் இணைப்பருகே திரையில் கோடு எழும்பியது. நான் பதறினேன், அவர் பதறவில்லை. முன்னும் பின்னும் நகர்த்தினார், சாய்கோண ஆய்வியை மாற்றி வைத்தார், எதிர்ப்பக்கமிருந்தும் பார்த்தார். போல்ட் துளையின் எதிரொலிதான்; துளை விளிம்பிலிருந்து வெடிப்பு கிளம்பவில்லை. கருவி கோட்டை மட்டும் காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தவரின் நிதானத்தில்தான் அத்தனை பயணிகளும் இருக்கிறார்கள்.

மீயொலியும் தோற்கும் இடம் உண்டு. வளைவின் வெளித்தண்டவாளத்தில், சக்கரம் உரசும் மூலையில், மயிரிழை வெடிப்புகள் வரிசையாகக் கிளம்பினால் அவை ஒலியை மறித்துக் கீழிருப்பதை மறைத்துவிடும். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் நால்வர் பலியானது இவ்வகை வெடிப்பு முற்றிய தண்டவாளத்தில். மேற்பரப்புக்குச் சுழல் மின்னோட்டச் சோதனை ஏற்றது: சுருளின் மாறும் காந்தப்புலம் இரும்பில் மின்னோட்டத்தைச் சுழற்றும், வெடிப்பு அதன் வழியைக் கெடுப்பதைச் சுருளே உணரும்.

சுரங்கத்துக்குள் மலை நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடிப்பாதத்தின் இரு ஓரங்களும் மேலிருந்து இறங்கும் ஒலிக்கு எட்டாதவை. துரு தின்பதும் அங்கேதான். பெரியவர் குந்தி, கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். இந்தக் கைக்கணக்கும் திரைக்கணக்கும் ஒரே தாளில் ஏற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

"இந்த எடத்த அளந்து எழுதிக்க தம்பி."

"சரி மாமா."

இளைஞர் அளவுகோலை எடுத்தார். தேய்வு கவலைப்படும் அளவில் இல்லை. அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க, மீயொலி அளவுகளுக்குக் கீழேயே அதையும் எழுதிக்கொண்டார்.