தேவையானதைச் செய்க

ஆங்கில விண்ணப்பத்தின் இறுதியில் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்னும் தொடரை நம்மில் பலர் எழுதிவிடுகிறோம். ‘தேவையானதைச் செய்யுங்கள்’ என்பது அதன் பொருள். முன்பு இங்கிலாந்தின் அலுவல் கடிதங்களிலும் வழங்கிய இத்தொடர் அங்கு இன்று அருகிவிட்டது; நம் நாட்டு அலுவலகங்களில் இன்னும் வாழ்கிறது. தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால், தேவையானது எது என்பதைக் கடிதம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும் அல்லவா?

எட்டாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தியின் தந்தை, எல்லைப்பகுதியில் பணியாற்றும் படைவீரர். தாய்க்குத் தமிழ் மட்டுமே எழுத வரும். ஆகவே வீட்டின் கடிதங்கள் யாவும் அவள் பொறுப்பு. அவர்கள் வீடு மாறியபோது, தாயின் பெயரிலுள்ள எரிவாயு இணைப்பின் முகவரியை மாற்றக் கோரி அவள் எழுதிய விண்ணப்பத்தை இருமுறை திருப்பித் தந்துவிட்டனர். இரண்டு வாரங்களாக அண்டை வீட்டு அடுப்பில்தான் சமையல்.

விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தேன். ‘ஐ மோஸ்ட் ஹம்பிளி பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்கி, ‘டூ தி நீட்ஃபுல் அண்ட் ஒப்ளைஜ்’ என்று முடிந்தது. பணிவுக்குக் குறைவில்லை. நுகர்வோர் எண்தான் இல்லை. புதிய முகவரியில் வீட்டு எண்ணும் இல்லை.

‘பெக்’ என்றால் இரத்தல் என்றேன். “அம்மா எதற்கு ஐயா இரக்க வேண்டும்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அச்சொல்லை அவளே அடித்தாள். ‘சின்ஸ் டூ வீக்ஸ்’ என்பது ‘ஃபார் டூ வீக்ஸ்’ ஆயிற்று. தொடங்கிய நாளைக் குறிக்கச் ‘சின்ஸ்’, கால அளவைக் குறிக்க ‘ஃபார்’. ‘ப்ளீஸ்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் பணிவுக்காக வைத்துக்கொண்டோம்.

முடிவில் ‘யுவர்ஸ் சின்சியர்லி’ என்றிருந்தது. பெயர் குறிப்பிட்டு விளித்த கடிதத்துக்கே அது பொருந்தும். ‘டியர் சர்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என முடிப்பதே மரபு. ‘யுவர்ஸ்’ என்பதில் அபாஸ்ட்ரஃபி இடுவோர் பெரியவர்களிலும் உண்டு. அங்கு அதற்கு வேலையே இல்லை. தமிழில் நமக்கு இத்தொல்லை இல்லை. ‘இப்படிக்கு’ எவர்க்கும் பொருந்தும்!

எண், பழைய முகவரி, புதிய முகவரி, வேண்டுகோள் என நான்கே வரிகளில் விண்ணப்பம் முடிந்தது.

“அம்மா தமிழில் கையொப்பம் இடலாமா, ஐயா?”

“இடலாம்” என்றேன்.